கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு: வீட்டில் வழங்கும் சொற்களும் அன்றாட வாழ்வும்

"எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை", "மனசு வைத்தால் செய்வான், வைக்கத்தான் மாட்டேன் என்கிறான்" என்ற சொற்களுடனேயே பல பெற்றோர் தம் குழந்தையைப் பற்றிய பேச்சைத் தொடங்குகின்றனர். இவ்வாறு கூறுவோர் பொய் சொல்வதில்லை. களைத்துப்போன நிலையில், தமக்குத் தெரிந்த சொற்களால் ஓர் உண்மையான துன்பத்தைக் கூறுகின்றனர். ஆனால் அச்சொற்கள் குழந்தையின் குணத்தைப் பற்றியவை. நிகழ்வது என்ன என்பதை அவை கூறுவதில்லை. இதனால் உதவி கிடைக்க வேண்டிய குழந்தைக்குப் பல ஆண்டுகள் தண்டனை மட்டுமே கிடைக்கிறது.

ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு பற்றியும், அதனைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் எவ்வாறு பேசலாம் என்பது பற்றியும் இப்பக்கம் விளக்குகிறது. தூத்துக்குடிக் கடலோரத்திலும், துறைமுகப் பகுதியிலும், உப்பளங்களைச் சார்ந்தும் வாழும் குடும்பங்களின் அன்றாட வாழ்வை மனத்தில் கொண்டு இங்குள்ள எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

பெயரும் பொருளும்

இக்குறைபாட்டின் தமிழ்ப் பெயரே சில பெற்றோருக்கு மனவருத்தம் தருகிறது. அன்றாடத் தமிழில் "கவனக்குறைவு" என்றால் அலட்சியம் என்று பொருள் கொள்கிறோம். "ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மருத்துவச் சீட்டில் அதே சொல்லைக் காணும் தாய், தன் குழந்தை அலட்சியமானது என்றோ, தன் வளர்ப்பில் கவனம் குறைந்துவிட்டது என்றோ எண்ணக்கூடும். இரண்டும் தவறு.

மருத்துவத்தில் இச்சொல் மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலையைக் குறிக்கிறது. தேவையான இடத்தில் கவனத்தைச் செலுத்துதல், செலுத்திய கவனத்தை நிலைநிறுத்துதல், தேவைப்படும்போது வேறொன்றுக்கு மாற்றுதல், எழும் உந்துதலை ஒரு கணம் அடக்குதல், சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டே செயல்படுதல் ஆகிய திறன்கள் வயதுக்கேற்ற அளவில் அமையாதிருப்பதே இக்குறைபாடு. இக்குழந்தைகளிடம் கவனமே இல்லை என்பதில்லை. அதனை ஒழுங்குபடுத்துவதே அவர்களுக்குக் கடினமாக உள்ளது. ஆகவேதான் பாடப்புத்தகத்தின் முன் ஐந்து நிமிடம் அமர இயலாத சிறுவன், தூண்டிலுடன் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கக்கூடும். கைப்பேசி விளையாட்டிலும் நேரம் போவது தெரியாமல் இருக்கக்கூடும். உடனுக்குடன் பலன் தருவதும் விருப்பமானதுமான செயலில் கவனம் தானாக நிற்கிறது. பலன் தாமதமாகக் கிடைக்கும் செயலில் அது நிற்பதில்லை. "விளையாட்டுக்கு மட்டும் கவனம் வருகிறதே" என்பது குழந்தை நடிக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

உலக அளவில் குழந்தைகளுள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதாவது, 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் சராசரியாக இருவர்.

அறிகுறிகள்

அறிகுறிகள் இரு வகைப்படும்.

கவனம் சார்ந்தவை:
• பாடத்திலும் வீட்டு வேலையிலும் சிறு சிறு பிழைகள் அடிக்கடி நேர்தல்
• நேரில் பேசும்போதும் கேளாதது போல் இருத்தல்
• தொடங்கிய வேலையை முடிக்க இயலாமை
• நீண்ட நேரம் சிந்திக்க வேண்டிய வேலைகளைத் தவிர்த்தல்
• பென்சில், குடை, சாப்பாட்டு டப்பா போன்றவற்றை அடிக்கடி தொலைத்தல்
• சிறு ஓசைக்கும் கவனம் சிதறுதல்
• அன்றாடக் கடமைகளை மறத்தல்

மிகை இயக்கமும் உந்துதலும் சார்ந்தவை:
• ஓரிடத்தில் அமர இயலாமல் கை கால்களை அசைத்துக்கொண்டே இருத்தல்
• பொருத்தமற்ற இடங்களில் ஓடுதல், ஏறுதல்
• அளவுக்கு மீறிப் பேசுதல்
• கேள்வி முடியும் முன்பே விடை கூறுதல்
• தன் முறை வரும்வரை காத்திருக்க இயலாமை
• பிறர் பேச்சிலும் விளையாட்டிலும் இடைபுகுதல்

சிலரிடம் முதல் வகையும், சிலரிடம் இரண்டாம் வகையும், சிலரிடம் இரண்டும் காணப்படும். முதல் வகை மட்டும் உள்ள குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், எவருக்கும் தொந்தரவு தருவதில்லை. கடைசி வரிசையில் அமைதியாகச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியை "மந்தம்" என்று விட்டுவிடுகிறோம். அவளுக்கு இக்குறைபாடு இருப்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவருகிறது.

துறுதுறுப்பான குழந்தைகள் அனைவருக்கும் இக்குறைபாடு இருப்பதாகக் கொள்ளக்கூடாது. ஒரு வகையிலேனும் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். அவை 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட்டு, படிப்பையோ உறவையோ அன்றாட வாழ்வையோ பாதிக்க வேண்டும். இவற்றை ஆராய்ந்த பின்னரே மருத்துவர் இக்குறைபாட்டை உறுதிசெய்வார். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதனைத் தனியே உறுதிசெய்வதில்லை.

காரணங்கள்

மரபுக்கூறு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஒரு குழந்தைக்கு இக்குறைபாடு இருந்தால், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருள் மற்றொருவருக்கும் இருக்கும் வாய்ப்பு அதிகம். குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை, கருவுற்ற காலத்தில் புகையிலை அல்லது மதுப் பயன்பாடு, ஈய நச்சு ஆகியவையும் தொடர்புடையனவாகக் கண்டறியப்பட்டுள்ளன.

தாயின் செல்லமோ, தந்தை தொழிலுக்காக நெடுநாள் வெளியே இருப்பதோ, இனிப்பு உண்பதோ, இரு மொழிகள் பேசுவதோ இக்குறைபாட்டை உண்டாக்குவதில்லை. "வளர்ப்பு சரியில்லை" என்ற பழியை உறவினர் பெரும்பாலும் தாயின் மீதே சுமத்துகின்றனர். அப்பழிக்கு மருத்துவ அடிப்படை இல்லை. எனினும், வீட்டுச் சூழல் அறிகுறிகளின் கடுமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நீங்கள் கற்றுக்கொள்ளும் முறைகள் பயன் தருவது இதனால்தான்.

மருத்துவத்திலும் சொற்கள் மாறின

குணத்தைக் குறை கூறும் சொற்களை வீட்டார் மட்டுமே பயன்படுத்தினர் என்பதில்லை. 1902-ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி உரைகள் நிகழ்த்தியபோது, இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே விவரித்தார். பின்னர் வந்த மருத்துவர்கள் சிலகாலம் இதனைச் சிறு அளவிலான மூளைச் சேதம் என்றனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1968-இல் மிகை இயக்கத்தை முதன்மையாக்கிப் பெயரிட்டது. 1980-இல் கவனத்தை முதன்மையாக்கியது. 1987-இல் இரண்டையும் இணைத்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியல், இதனை நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

"ஒழுக்கக் குறை" என்பதிலிருந்து "நரம்பு வளர்ச்சிக் குறைபாடு" என்பது வரையிலான இம்மாற்றத்திற்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் இம்மாற்றத்தை இன்றே தொடங்கலாம்.

வயதுடன் மாறும் சொற்கள்

ஒரே செயலுக்கு நாம் இடும் பெயர் குழந்தையின் வயதுடன் மாறிவருவதைக் கவனியுங்கள். மூன்று வயதில் ஓடியாடும் பிள்ளையைச் "சுட்டி" என்று கொஞ்சுகிறோம். ஆறு வயதில் அது "சேட்டை" ஆகிறது. பத்து வயதில் "அடங்காதவன்" என்கிறோம். பதினைந்து வயதில் "உருப்படமாட்டான்" என்று முடிவு கூறிவிடுகிறோம். இத்தனை ஆண்டுகளிலும் அப்பிள்ளையின் இயல்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மாறியது சொல் மட்டுமே. முதற்சொல் உதவி தேவையில்லை என்று எண்ண வைக்கிறது. கடைசிச் சொல் உதவி செய்து பயனில்லை என்று எண்ண வைக்கிறது. இடையில் உள்ள ஆண்டுகளே உதவி மிகுந்த பயன் தரும் காலம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் "கோட்டி" என்ற சொல் மனநலம் பாதிக்கப்பட்டவரைக் கேலியாகக் குறிக்க வழங்குகிறது. "மனநலப் பிரிவுக்குப் போனால் பிள்ளையைக் கோட்டி என்பார்கள், நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா" என்று ஆச்சியோ தாத்தாவோ தடுக்கலாம். அவர்களுடைய அச்சம் அன்பிலிருந்து எழுவது. அவர்களுடன் வாதிட வேண்டாம். "இது புத்தி பேதலிப்பு இல்லை ஆச்சி. கண் தெரியாவிட்டால் கண்ணாடி போடுவது போல, கவனம் நிற்பதற்கு உதவி கேட்கத்தான் போகிறோம்" என்று எளிமையாகக் கூறுங்கள். இயலுமானால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

குணத்தைச் சொல்லாமல் நிகழ்ந்ததைச் சொல்லுங்கள்

தீர்ப்புக் கூறும் சொல் ஒவ்வொன்றுக்கும் பதிலாக, நிகழ்ந்ததை விவரிக்கும் ஒரு வாக்கியத்தைப் பழகுங்கள்.

• "சோம்பேறி" என்பதற்குப் பதிலாக: "எழுதத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகிறது. தொடங்கிய பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறாள்."
• "பொறுப்பில்லாதவன்" என்பதற்குப் பதிலாக: "இந்த மாதம் மூன்று முறை சாப்பாட்டு டப்பாவைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தான்."
• "திமிர் பிடித்தவன்" என்பதற்குப் பதிலாக: "நான் சொல்லி முடிக்கும் முன்பே பதில் பேசுகிறான். பிறகு வருந்தவும் செய்கிறான்."
• "கூறுகெட்டவள்" என்பதற்குப் பதிலாக: "மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் முதல் வேலையை மட்டும் செய்கிறாள்."

இரண்டாம் வகை வாக்கியங்களில் வழி இருக்கிறது. சோம்பேறியை என்ன செய்வது என்று எவருக்கும் தெரியாது. தொடங்குவதற்கு அரை மணி நேரம் ஆகும் குழந்தைக்கு, தொடங்கும்போது அருகில் அமரலாம். மூன்று வேலைகளில் ஒன்றை மட்டும் செய்யும் குழந்தைக்கு, ஒவ்வொன்றாகச் சொல்லலாம்.

குழந்தையும் இச்சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் கேட்கும் சொல்லைத் தன் பெயராகவே ஏற்றுக்கொள்கிறது. இக்குறைபாடு உள்ள பிள்ளைகள் வளரும்போது மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் ஆளாகும் வாய்ப்பு பிறரைவிட அதிகம். முயன்றும் முடியாமல், முயலவே இல்லை என்று ஏச்சு வாங்கும் அனுபவம் அதற்கொரு காரணமாகலாம்.

இவ்வாறு பேசுவது கண்டிப்பே வேண்டாம் என்று பொருள்படாது. வீட்டு விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். மீறினால் விளைவு உடனடியாகவும் சிறிதாகவும் இருக்கட்டும். "ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போக மாட்டேன்" என்று புதன்கிழமை கூறுவதைவிட, "இப்போது பத்து நிமிடம் டிவி கிடையாது" என்பது பயன் தரும். அடிப்பது எவ்வகையிலும் உதவாது. அடி கவனத்தை வளர்ப்பதில்லை, அச்சத்தையே வளர்க்கிறது.

வேலை சொல்லும் முறை

• தூரத்திலிருந்து கூப்பிடாமல் அருகில் சென்று பெயர் சொல்லி அழையுங்கள். தோளைத் தொட்டு, உங்களைப் பார்த்த பின் பேசுங்கள்.
• ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "கை கழுவிட்டு, யூனிபார்ம் மாத்திட்டு, நோட்டை எடுத்துட்டு வா" என்பது மூன்று வேலைகள்.
• "ஒழுங்காக இரு" என்பதற்குக் குழந்தைக்குப் பொருள் தெரியாது. "இந்தப் பாயில் உட்கார்" என்பதற்குத் தெரியும்.
• "ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" என்பது எளிது.
• சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்.
• செய்து முடித்தவுடன் அதனைப் பெயரிட்டுப் பாராட்டுங்கள். "நல்ல பிள்ளை" என்பதைவிட, "நான் ஒரு தடவை சொன்னதும் பையை எடுத்து வைத்துவிட்டாய்" என்பது எதற்காகப் பாராட்டு என்பதை உணர்த்தும்.

அன்றாட வாழ்வில் செய்யத்தக்கவை

உப்பளத்தில் வேலை செய்யும் பெற்றோர் விடியும் முன்பே புறப்படுகின்றனர். படகுக்குச் செல்வோர் வீட்டில் இருக்கும் நேரம் கடலைப் பொறுத்தது. துறைமுகப் பணியாளர்களின் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இத்தகைய வீடுகளில் குழந்தை தானே எழுந்து பள்ளிக்குக் கிளம்ப வேண்டியுள்ளது. இக்குறைபாடு உள்ள குழந்தைக்கு அதுவே மிகக் கடினமான நேரம்.

முந்தைய இரவே பள்ளிப்பையை அடுக்கி வாசலருகே வையுங்கள். காலையில் செய்ய வேண்டியவற்றைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள்: பல் துலக்கும் படம், குளிக்கும் படம், சாப்பிடும் படம், பை மாட்டும் படம். படமாக இருந்தால் எழுத்தறியாத பாட்டியும் அதனைக் காட்டி நினைவூட்டலாம். புத்தகம், சாவி, செருப்பு ஒவ்வொன்றுக்கும் நிலையான ஓர் இடம் இருக்கட்டும். படிக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்து, இடையே சிறிது நேரம் ஓடியாட விடுங்கள். உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் விடுமுறையிலும் பெரிதும் மாறாதிருக்கட்டும். தூக்கக் குறைவு அறிகுறிகளைக் கூட்டும்.

"எத்தனை நாள்தான் இப்படித் தாங்கிப் பிடிப்பது" என்று உங்களுக்குத் தோன்றலாம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்றது 1961-இல். அக்காலத்தில் கடலடிக்குச் சென்றவர் தனியாகச் செல்லவில்லை. தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நின்றார். மேலே நின்று கயிறு பிடிப்பதை மூழ்குபவரின் குறையாக எவரும் கருதியதில்லை. படம், நேரக்கணக்கு, நினைவூட்டல் ஆகியவையும் அத்தகையனவே. தேவை குறையக் குறைய அவற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் கூடுதல் கவனம் தேவை. உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளுக்கு விபத்துகள் அதிகம் நேர்கின்றன. கடலோரத்திலும், படகுத் துறையிலும், கண்டெய்னர் லாரிகள் செல்லும் சாலையோரத்திலும் இவர்களைத் தனியே விடாதீர்கள். நீந்தத் தெரியும் என்பது போதுமான காவலன்று. "தண்ணீருக்குள் இறங்கும் முன் பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும்" என்பதை வீட்டு விதிகளுள் முதலாவதாக வையுங்கள்.

பள்ளியும் பயிற்றுமொழியும்

வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தை ஆங்கில வழிப் பள்ளியில் சேரும்போது, பாடம் புரியாமலேயே வகுப்பில் அமர்ந்திருக்க நேரலாம். புரியாத மொழியில் நடக்கும் வகுப்பில் எந்தக் குழந்தையின் கவனமும் நில்லாது. ஆகவே, ஆங்கிலப் பாட நேரத்தில் மட்டும் கவனம் சிதறி, தமிழ் வகுப்பிலும் வீட்டிலும் இயல்பாக இருக்கும் குழந்தைக்கு முதலில் மொழி உதவியே தேவைப்படலாம். எம்மொழியிலும் எவ்விடத்திலும் சிரமம் இருப்பின் இக்குறைபாட்டை ஆராய வேண்டும். குழந்தையை மதிப்பிடும்போது அது வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுமாறு மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் நீங்கள் கேட்கலாம்.

இக்குறைபாட்டுடன் வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் கற்றல் குறைபாடும், சில குழந்தைகளிடம் பேச்சு வளர்ச்சித் தாமதமும் சேர்ந்திருப்பதுண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி. தனியே இடம்பெறவில்லை. ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இடம்பெற்றுள்ளது. அது உறுதிசெய்யப்பட்டால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆசிரியரிடம் கேட்கத்தக்கவை எளியவை: முன்வரிசையில், சன்னலுக்கும் கதவுக்கும் அப்பால் இடம், வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதியதைச் சரிபார்த்தல், கரும்பலகையைத் துடைப்பது, நோட்டுகளை எடுத்து வருவது போன்று எழுந்து நடமாட ஒரு பொறுப்பு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது.

மருத்துவரிடம் செல்லும் முன்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் தொழில் செய்யும் தந்தையர் வீட்டில் இருக்கும் காலம் இது. தாயும் தந்தையும் சேர்ந்து குழந்தையை அழைத்துவர இது ஏற்றது. ஆனால் கோடை விடுமுறையில் ஆசிரியரைச் சந்திக்க இயலாது. எனவே தேர்வுகள் முடிந்து பள்ளி மூடும் முன்பே, வகுப்பில் கண்டவற்றை ஒரு தாளில் எழுதித் தருமாறு ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அறிகுறிகள் கடுமையாக இருப்பின் விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உடன் கொண்டு செல்ல வேண்டியவை:
• ஆசிரியரின் குறிப்பு, மதிப்பெண் அட்டை, இரண்டு மூன்று நோட்டுப் புத்தகங்கள்
• தாய் சேய் நல அட்டை, பிறப்பு எடை, குறைமாதப் பிறப்பா என்ற விவரம்
• முன்பு எடுத்த சிகிச்சைகளின் சீட்டுகள்
• ஒரு வாரக் குறிப்பு: என்ன நடந்தது, எங்கே, எந்நேரத்தில், எவ்வளவு நேரம்

பார்வை, செவித்திறன், இரத்தச்சோகை, தைராய்டு, தூக்கம் ஆகியவற்றையும் மருத்துவர் ஆராயக்கூடும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து நினைவின்றி இருப்பது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். வீட்டில் நிகழும் வன்முறை, இழப்பு, அச்சம் ஆகியவையும் கவனச் சிதறலை உண்டாக்கும். இவற்றை மறைக்காமல் கூறுங்கள்.

சிகிச்சை

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதற்சிகிச்சை. ஆறு வயதுக்கு மேல், அறிகுறிகளின் கடுமையைப் பொறுத்து, இப்பயிற்சியுடனும் பள்ளி உதவியுடனும் மருந்தும் பரிந்துரைக்கப்படலாம்.

மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து உட்கொண்ட அன்றே செயல்படத் தொடங்கும். பசிக்குறைவு, தூக்கம் வரத் தாமதம், தலைவலி, வயிற்றுவலி ஆகியவை சிலருக்கு ஏற்படலாம். எனவே உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவை அவ்வப்போது அளவிடப்படும். குடும்பத்தில் எவருக்கேனும் இதயநோயோ இளவயதில் திடீர் மரணமோ நேர்ந்திருப்பின் தவறாமல் கூறுங்கள். இது சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவரின் சீட்டின்றி வாங்க இயலாது. எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்காமலும் இருக்கலாம். மருந்து தீர்வதற்குச் சில நாட்கள் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அட்டோமாக்செட்டின் என்ற மற்றொரு மருந்தின் முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். "பத்து நாளாகப் பலனில்லை" என்று அதனை நிறுத்திவிட வேண்டாம்.

மருந்து குழந்தையை மயக்கத்தில் வைப்பதற்கானது அன்று. குழந்தை சோர்ந்து, களையிழந்து காணப்பட்டால் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், மருத்துவரிடம் கூறுங்கள். நீங்களே அளவைக் கூட்டவோ குறைக்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ கூடாது.

மீன் நல்ல உணவு. ஆனால் அது இதற்குச் சிகிச்சையாகாது. வழிபாடும் நேர்த்திக்கடனும் மனத்திற்கு ஆறுதல் தரும். அவற்றுடன் சிகிச்சையையும் தொடருங்கள்.

வளர்ந்தோரிடம்

குழந்தைக்கான கேள்விகளுக்கு விடை கூறும்போதே, "நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன்" என்று தாயோ தந்தையோ கூறுவதுண்டு. பலரிடம் இக்குறைபாடு வளர்ந்த பின்னும் நீடிக்கிறது. ஓட்டமும் குதிப்பும் குறைந்து, உள்ளுக்குள் அமைதியின்மை எஞ்சியிருக்கும். மின்கட்டணத் தேதியை மறத்தல், அடுப்பில் பால் பொங்குவதை மறத்தல், ரேஷன் கார்டைத் தேடியே பொழுது போதல், சிறு சினத்தில் வேலையை விடுதல் ஆகியவை அடிக்கடி நிகழலாம். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு ஒரு வகையில் ஐந்து அறிகுறிகள் இருந்தாலே ஆராயலாம். அவை சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

"நான் ஒழுங்கில்லாதவள்" என்று பல ஆண்டுகளாகத் தம்மையே ஏசிக்கொண்டவர்களுக்கும் சிகிச்சை உண்டு. கனரக வாகனம் ஓட்டுவோர், கிரேன் இயக்குவோர், சங்கு குளிக்கச் செல்வோர் தம் தொழிலை மருத்துவரிடம் முதலிலேயே கூற வேண்டும். மருந்தும் வேலை நேரமும் அதற்கேற்ப அமைக்கப்பட வேண்டும்.

எங்கே அணுகலாம்

• அரசுப் பள்ளி, அங்கன்வாடி ஆகியவற்றுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினரிடம் கூறலாம். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை ஆராயப்படும் நிலைகளுள் இக்குறைபாடும் ஒன்று.
• தேவைப்படும் குழந்தைகள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்பப்படுவர்.
• தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் குழந்தைகள் நலப் பிரிவையும் அணுகலாம்.
• மாவட்ட மனநலத் திட்டக் குழு பற்றி அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம்.
• 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். இச்சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக அறிவித்துள்ளது.

உங்கள் பிள்ளை "நான் செத்துப்போனால்தான் நல்லது" என்று கூறினாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, அதனை விளையாட்டுப் பேச்சாகக் கொள்ளாதீர்கள். தனியே விடாமல் உடனே 14416-ஐயும், அவசர நிலையில் 108-ஐயும் அழையுங்கள். நீங்களே தாங்க இயலாத சோர்வில் இருந்தாலும் அதே 14416 எண்ணில் பேசலாம்.

நினைவில் கொள்ள வேண்டியது

இன்றிரவு ஒரு தாளை எடுத்து, உங்கள் குழந்தையைப் பற்றி நீங்கள் அடிக்கடி கூறும் மூன்று சொற்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசியாக அச்சொல்லைக் கூறியபோது உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு முதலில் எழுதிய மூன்று சொற்களையும் அடித்துவிடுங்கள். எஞ்சிய மூன்று வரிகளை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். சிகிச்சையை அங்கிருந்து தொடங்கலாம்.